நாமினி வேறு, பெனிஃபிஷியரி வேறு: அமெரிக்க கிரெடிட் யூனியன் கணக்கில் யார் பெயரை எழுதுவது?

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த புதிதில் நம்மில் பலர் செய்வதுதான். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் என்று கூட்டுறவு வங்கி மாதிரியான ஒரு கிரெடிட் யூனியனில் கணக்கு தொடங்குவோம், ஐந்து டாலரோ பத்து டாலரோ போட்டு உறுப்பினர் ஆவோம், படிவத்தில் 'பெனிஃபிஷியரி' என்று ஒரு கட்டம் இருக்கும், நம்ம ஊர் பேங்கில் கேட்கிற நாமினிதான் இது என்று நினைத்து அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதிவிட்டு அதோடு மறந்துபோவோம். சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். வயது நாற்பத்தொன்று. மூன்று வாரம் கழித்து அவர் மனைவிக்குத் துணையாக நானும் கிரெடிட் யூனியனுக்குப் போனேன். பிளாஸ்டிக் உறையில் டெத் சர்டிஃபிகேட், கல்யாணச் சான்றிதழ், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ரொம்ப ஆதரவாகத்தான் பேசினார். கணக்கு எண்ணைத் தட்டினார், கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பெனிஃபிஷியரி என்ற இடத்தில் நண்பருடைய அம்மாவின் பெயர். உறவு, தாய். முகவரி, கும்பகோணம். கணக்கு தொடங்கியது 2010இல், அவருக்குக் கல்யாணம் ஆனது 2013இல்.

நாங்கள் இருந்த மாநிலத்துச் சட்டப்படி அந்தப் பணம் முழுக்க அந்த அம்மாவுக்குத்தான். அவர் தங்கமானவர், பணம் கைக்கு வந்ததும் பேரப்பிள்ளைகளுக்கென்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் எழுபத்து நான்கு வயதில், மகனைப் பறிகொடுத்த துக்கத்தில், நோட்டரி முன்னால் கையெழுத்து, பாஸ்போர்ட் நகல், அமெரிக்க வரி எண் இல்லாததால் அதற்குத் தனிப் படிவம் என்று அவர் அலைந்து முடிக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் இங்கே வாடகைக்கு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பணம் போட்டோம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். இந்தியாவில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், அவ்வளவுதான். வாங்கிய பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது, வாரிசுகளுக்கோ உயிலில் எழுதியவர்களுக்கோ அவர் கொடுக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1984இல் சர்பதி தேவி வழக்கில் இதைச் சொன்னது (காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டம் மாறி, பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியானால் பணம் அவர்களுக்கே என்று ஆகிவிட்டது), கம்பெனிப் பங்குகளுக்கு 2023இல் சக்தி யெஸ்தானி வழக்கில் அதையே மறுபடி உறுதி செய்தது. அமெரிக்கக் கணக்கில் எழுதும் பெனிஃபிஷியரி அப்படி இல்லை. கணக்குக்காரர் கண்ணை மூடிய நிமிடத்தில் அவர்தான் அந்தப் பணத்தின் சொந்தக்காரர், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. "அண்ணன் பெயரைப் போட்டிருக்கிறேன், அவன் பார்த்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பான்" என்று நீங்கள் மனசில் வைத்திருக்கும் ஏற்பாடு சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. அண்ணன் கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை.

கிரெடிட் யூனியன் என்றால் என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் கூட்டுறவு சொசைட்டிக்கு அமெரிக்கச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வைத்திருப்பவர்கள்தான் உரிமையாளர்கள், அதனால்தான் அங்கே சேமிப்புக் கணக்கை 'ஷேர்' என்பார்கள், ஃபிக்சட் டெபாசிட்டை 'ஷேர் சர்டிஃபிகேட்' என்பார்கள். இன்று 14 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இதில் உறுப்பினர்கள். நம்ம ஊர் சொசைட்டியோடு இந்த உறவு நிஜமாகவே உண்டு. சென்னை மாகாண அரசுக்காக ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கூட்டுறவு வங்கிகளை ஆராய்ந்து 1895இல் அறிக்கை கொடுத்தார், அதன் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1907இல் இந்தியா வந்த பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் அப்படி உருவான கிராமச் சங்கங்களைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் அமெரிக்காவில் கிரெடிட் யூனியன் இயக்கத்தைத் தன் சொந்தப் பணம் போட்டு வளர்த்தார். எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு, அதனால் சொன்னேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும்? கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்து, பெனிஃபிஷியரியும் இல்லையென்றால், பணம் உங்கள் 'எஸ்டேட்'டில், அதாவது நீங்கள் விட்டுப்போகும் மொத்தச் சொத்தில், சேரும். உயில் இருந்தால் அதன்படி, இல்லையென்றால் மாநிலச் சட்டம் சொல்லும் வாரிசு வரிசைப்படி, நீதிமன்றம் வழியாகப் பிரிக்கப்படும். இதற்குப் பெயர் புரோபேட். தொகை சின்னதாக இருந்தால் பல மாநிலங்களில் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தோடு முடித்துவிடலாம். பெரிதாக இருந்தால் மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கு மேலும் இழுக்கும். செலவும் உண்டு. கலிபோர்னியாவில் வழக்கறிஞர் கட்டணம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது: சொத்தின் முதல் 1,00,000 டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1,00,000க்கு 3 சதவீதம், அதற்கு மேல் 10,00,000 வரை 2 சதவீதம். 5,00,000 டாலர் எஸ்டேட் என்றால் வழக்கறிஞருக்கு 13,000, உயிலை நிறைவேற்றுபவரும் கேட்டால் அவருக்கு இன்னொரு 13,000. பெனிஃபிஷியரி பெயர் எழுதிய கணக்கு இந்த வழியில் போவதே இல்லை. டெத் சர்டிஃபிகேட்டின் அசல் பிரதி, அடையாள அட்டை, ஒரு படிவம், அவ்வளவில் முடியும்.

இந்த ஏற்பாட்டை 'பேயபிள் ஆன் டெத்' என்பார்கள், சுருக்கமாக பிஓடி. இறந்தபின் இன்னாருக்குக் கொடு என்று அர்த்தம். பழைய பேர் 'டோட்டன் டிரஸ்ட்'. 1904இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் வந்த டோட்டன் வழக்கின் தீர்ப்பிலிருந்து வந்த பேர். இதில் நல்ல விஷயம், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை பெனிஃபிஷியரிக்கு அந்தக் கணக்கில் ஒரு உரிமையும் கிடையாது. பேலன்ஸ் கேட்க முடியாது, ஒரு டாலர் எடுக்க முடியாது, அவருடைய கடன்காரர்கள் அந்தப் பக்கம் வர முடியாது. நாளைக்கே நீங்கள் பெயரை மாற்றலாம், அவருக்குச் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

இதையும் கூட்டுக் கணக்கையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. வயதான அப்பா, "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் உனக்கு வரட்டும்" என்று மூத்த மகளை ஜாயின்ட் ஓனராகச் சேர்த்துவிடுவார். அன்றிலிருந்து அந்தப் பணத்தை மகளும் எடுக்கலாம். மகளுக்கு விபத்து வழக்கு, விவாகரத்து, கடன் என்று ஏதாவது வந்தால் அப்பாவின் சேமிப்பும் அந்தச் சண்டைக்குள் இழுபடலாம். அப்பா போனபின் பெரும்பாலும் முழுப் பணமும் மகளுக்கே சேரும், தம்பி தங்கைக்கு இல்லை. நம் வீடுகளில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன எத்தனையோ கதைகளில் மூலகாரணம் இந்த மாதிரி நல்ல எண்ணத்தில் செய்த ஒரு கையெழுத்துதான். பில் கட்டுவதற்கு உதவி வேண்டுமென்றால் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கலாம், ஆனால் அது கொடுத்தவர் இறந்ததும் செத்துவிடும். இருக்கும்போது உதவிக்குப் பவர், இறந்தபின் பணத்துக்கு பிஓடி. இரண்டும் தனித்தனி வேலை.

இனி, படிவத்தில் எங்கே சறுக்குவோம் என்று பார்க்கலாம். பல கிரெடிட் யூனியன்களில் பெனிஃபிஷியரி உறுப்பினருக்கு இல்லை, ஒவ்வொரு கணக்குக்கும் தனி. சேமிப்புக் கணக்கில் மனைவி பெயர் இருக்கும், இரண்டு வருடம் கழித்து ஆன்லைனில் போட்ட ஷேர் சர்டிஃபிகேட்டில் யார் பெயரும் இருக்காது. எது எதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்து, இரண்டு பேரை எழுதி அதில் ஒருவர் உங்களுக்கு முன்னால் இறந்துவிட்டால், பெரும்பாலும் முழுப் பணமும் மற்றவருக்குப் போகும், இறந்தவருடைய பிள்ளைகளுக்கு வராது. மகன் வழிப் பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு போக வேண்டும் என்று நினைத்தால் அதற்கு வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இல்லாத இடம்தான் அதிகம்.

கிரெடிட் யூனியனுக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அங்கேயே கார் லோனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், உங்கள் ஷேர் பணத்தின்மேல் அவர்களுக்குச் சட்டப்படி ஒரு பிடிமானம் உண்டு. பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பெனிஃபிஷியரிக்குக் கொடுக்கலாம். மனைவி 20,000 டாலரை எதிர்பார்த்துப் போய் 6,000 டாலருக்கு செக் வாங்கிக்கொண்டு வருவது இப்படித்தான்.

கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன், அரிசோனா உட்பட ஒன்பது மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தது கணவன் மனைவி இருவருக்கும் பாதிப்பாதி என்பது சட்டம். அங்கே மனைவிக்குத் தெரியாமல் தம்பி பெயரை எழுதினால் அந்தப் பாதியைப் பற்றிக் கேள்வி வரும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவைப் பெனிஃபிஷியரியாகப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், அவர்கள் உறுப்பினராகவோ அமெரிக்கக் குடிமக்களாகவோ இருக்க வேண்டியதில்லை. ஆனால் படிவத்தில் அவர்களுடைய பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே பெயரும், பிறந்த தேதியும், இப்போதைய முகவரியும் இருக்கட்டும். நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் பின்னால் மாறுவதே பெரிய தலைவலி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பொதுவாக உயில் இந்தப் படிவத்தை வெல்லாது. "என் சொத்து அனைத்தும் என் மனைவிக்கு" என்று அழகாக உயில் எழுதி, சாட்சி வைத்து, பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தாலும், கணக்கில் அம்மா பெயர் இருந்தால் அந்தக் கணக்கு அம்மாவுக்குத்தான். படிவத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு போதும். அது கிரெடிட் யூனியன் வழக்கு இல்லை, டூபாண்ட் கம்பெனி ஊழியர் ஒருவரின் சேமிப்புத் திட்டம் பற்றியது. விவாகரத்தின்போது மனைவி அந்தப் பணத்தில் தனக்கு உரிமை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருந்தார், ஆனால் கணவர் படிவத்தில் பெயரை மாற்றவில்லை. அவர் இறந்தபின் சுமார் 4,00,000 டாலர் முன்னாள் மனைவிக்கே கொடுக்கப்பட்டது. மகள் உச்ச நீதிமன்றம்வரை போனார், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் படிவத்தில் உள்ளபடி கொடுத்தது சரி என்றார்கள். சாதாரண வங்கி, கிரெடிட் யூனியன் கணக்குகளில் விவாகரத்தானதும் பழைய துணையின் பெயர் தானாக ரத்தாகும் என்று சில மாநிலங்களில் சட்டம் உண்டு, ஆனாலும் அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

சரி, பெயர் எழுதினால் போதுமே, சிலர் டிரஸ்ட் என்று ஒன்று எழுதிவைக்கிறார்களே, அது எதற்கு? நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்: யாருக்கு என்பது மட்டும் தெரிந்தால் போதுமென்றால் பிஓடி, எப்போது, எப்படி, எதற்கு என்பதும் முக்கியமென்றால் டிரஸ்ட்.

நமக்கு இது புதிதே இல்லை. கோயிலில் கட்டளை வைப்பார்கள். ஒருவர் நிலத்தை எழுதிவைப்பார், அதன் வருமானத்தில் தினம் விளக்கு எரிய வேண்டும், திருவிழாவில் ஒரு நாள் அன்னதானம் நடக்க வேண்டும் என்று சொல்லிவைப்பார். தர்மகர்த்தா அதை நடத்துவார், ஆனால் நிலம் அவருடையது இல்லை. டிரஸ்டிலும் இதே மூன்று இடம்தான்: எழுதிவைப்பவர், நடத்துபவர், பலன் பெறுபவர். நடத்துபவரை டிரஸ்டி என்பார்கள். 'ரிவோக்கபிள் லிவிங் டிரஸ்ட்' என்ற பொதுவான வகையில், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை எழுதிவைப்பவரும் நீங்களே, டிரஸ்டியும் நீங்களே, பலன் பெறுவதும் நீங்களே. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கலைக்கலாம், வரிக்கணக்கில்கூட உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே ஓடும். நீங்கள் போனபின், அல்லது உடம்பு முடியாமல் போனால், நீங்கள் பெயர் சொல்லிவைத்த அடுத்த டிரஸ்டி பொறுப்பெடுப்பார்.

யாருக்கு இது நிஜமாகத் தேவை? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதலில். பதினெட்டு வயதுக்குள்ளான பிள்ளையை பிஓடியில் நேரடியாக எழுதினால் கிரெடிட் யூனியன் அந்தக் குழந்தை கையில் செக் கொடுக்காது. பெரிய தொகை என்றால் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டிவரும், பெரியவர் ஒருவர் பிள்ளைக்காகப் பார்த்துக்கொள்ளும் கஸ்டோடியன் கணக்கு என்றாலும் மாநிலத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 18 அல்லது 21 வயதில் முழுப் பணமும் பிள்ளை கைக்குப் போய்விடும். இருபத்தொரு வயதில் 3,00,000 டாலர் கையில் வந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் யோசித்துப் பார்க்கட்டும். டிரஸ்டில், காலேஜ் ஃபீஸ் நேரடியாகக் கட்டு, 25 வயதில் பாதி கொடு, 30இல் மிச்சம் கொடு என்று எழுதலாம்.

அடுத்து, மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீடு. இங்கே தயவுசெய்து கவனமாக இருங்கள். அரசு கொடுக்கும் எஸ்எஸ்ஐ உதவித்தொகை வாங்குபவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக்கூடாது. பாசத்தில் பாட்டி அந்தப் பிள்ளையை பிஓடியில் எழுதி, 40,000 டாலர் வந்தால், உதவித்தொகையும் அதோடு சேர்ந்த மருத்துவ வசதியும் நின்றுபோகலாம். அதற்கென்றே 'ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட்' இருக்கிறது, தெரிந்த வழக்கறிஞரை வைத்துத்தான் எழுத வேண்டும், இணையத்தில் இறக்கிய மாதிரிப் படிவம் இதற்கு ஆகாது. மறுமணம் ஆனவர்கள், முதல் மணத்துப் பிள்ளைகளுக்கும் இப்போதைய துணைக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியவர்களுக்கும் டிரஸ்ட் நல்லது.

டிரஸ்ட் எழுதிய பலர் கோட்டைவிடுவது ஒரே இடத்தில். வழக்கறிஞருக்கு 3,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்து, தோல் அட்டை போட்ட ஃபைலை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள், கணக்கு பழையபடி அவர்கள் பெயரிலேயே கிடக்கும். டிரஸ்டுக்குள் வராத பணத்தை டிரஸ்ட் எப்படிக் காப்பாற்றும்? கிரெடிட் யூனியனுக்குப் போய்க் கணக்கை டிரஸ்ட் பெயருக்கு மாற்ற வேண்டும், அல்லது அந்தக் கணக்கின் பிஓடி பெனிஃபிஷியரியாக டிரஸ்டையே எழுத வேண்டும். முழு டிரஸ்ட் பத்திரத்தையும் காட்ட விருப்பமில்லையென்றால் 'சர்டிஃபிகேஷன் ஆஃப் டிரஸ்ட்' என்ற சுருக்கப் பத்திரத்தைப் பல இடங்களில் ஏற்பார்கள், யாருக்கு எவ்வளவு என்ற விவரம் அதில் இருக்காது. ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்கை மட்டும் டிரஸ்ட் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள், அது பணத்தை எடுத்துவிட்டதாகக் கருதி வரி விழும். அதற்குத் தனிப் பெனிஃபிஷியரி படிவம் உண்டு.

நம்மவர்களுக்கென்று இன்னொரு எச்சரிக்கை. அடுத்த டிரஸ்டியாகக் கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனைப் போடத் தோன்றும். அவர் அமெரிக்கக் குடிமகனோ இங்கே வரி கட்டும் குடியிருப்பாளரோ இல்லையென்றால், முக்கிய முடிவுகள் அவர் கைக்குப் போனதும் அமெரிக்க வரிச்சட்டம் அந்த டிரஸ்டை வெளிநாட்டு டிரஸ்டாகக் கருதலாம், கூடுதல் படிவங்களும் பெரிய அபராதங்களும் பின்னாலேயே வரும். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அண்ணனுக்கு இருக்கட்டும், டிரஸ்டி இங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவராக இருக்கட்டும்.

டெபாசிட் காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெனிஃபிஷியரி எழுதுவதில் பலர் அறியாத லாபம் அங்கே இருக்கிறது. வங்கி மூழ்கினால் போட்ட பணத்துக்குப் பொறுப்பேற்கும் அரசு அமைப்பு எஃப்டிஐசி, அது மாதிரி கிரெடிட் யூனியன்களுக்கு என்சியுஏ. தனிக் கணக்குக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை பாதுகாப்பு, கூட்டுக் கணக்கில் ஆளுக்கு 2,50,000. பிஓடியோ டிரஸ்டோ இருந்தால் கணக்கிடும் முறை வேறு: ஒவ்வொரு பெனிஃபிஷியரிக்கும் 2,50,000. மூன்று பிள்ளைகள் பெயரை எழுதிய அம்மாவுக்கு 7,50,000 வரை பாதுகாப்பு. கணவன் மனைவி சேர்ந்த கணக்கில் இரண்டு பிள்ளைகள் என்றால் 10,00,000. ஒரே ஆட்களை பிஓடியில் ஒரு தடவையும் டிரஸ்டில் ஒரு தடவையும் எழுதினால் இரட்டிப்பாகாது, ஒரே கிரெடிட் யூனியனில் எல்லாம் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். 2026 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய விதியில் கணக்குக்காரர் ஒருவருக்கு அதிகபட்சம் ஐந்து பெனிஃபிஷியரிகள் வரைதான் எண்ணுவார்கள், அதாவது 12,50,000 டாலர்.

நண்பர் விஷயத்துக்குப் பிறகு என் கணக்கையும் போய்ப் பார்த்தேன். நாலு கணக்கில் இரண்டில் மனைவி பெயர், ஒன்றில் யாருமில்லை, ஒன்றில் கல்யாணத்துக்கு முன் எழுதிய தங்கை பெயர். மாற்றி முடிக்க அரைமணி நேரம் ஆனது, காசு எதுவும் கேட்கவில்லை. இப்போது எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு நான் சொல்வது, நேரில் போங்கள், எல்லாக் கணக்கிலும் உள்ள பெனிஃபிஷியரி பெயர்களை அச்சிட்டுக் கேளுங்கள், மாற்றியபின் மாற்றியதற்கான தாளையும் கையோடு வாங்கி வாருங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் பாஸ்போர்ட் வைக்கும் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கிறது, என் மனைவிக்கும் பெரியவளுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.